ஐந்து அங்குலப் பிடிவாதம்

அத்தியாயம் 4

குற்றத்தை ஒப்புக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனை நிரபராதி என்று நிரூபிக்கக் கிளம்புவதைப் போல உருப்படாத வேலை உலகத்தில் இன்னொன்று கிடையாது. என் அண்ணி காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. துப்பறியும் நிறுவனம் அவருடையது. நான் அவருடைய உதவியாளன், வண்டியோட்டி, பை தூக்கி, திட்டு வாங்கி. அண்ணன் வீட்டிலிருந்து துணி துவைக்கிறார். மூன்று பேரில் மூளை உள்ளவர் அவர்தானோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

வழக்கு சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நீல ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒரு தையல்காரரை ஒரு வெள்ளை கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தையல்காரர் காலில் கம்பி வைத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வெள்ளை கார் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. செவ்வாய்க்கிழமை காலை போலீஸ் வெள்ளை கார்களைத் தேடி ஒரு ஃபர்னிச்சர் கடை முதலாளியின் வீட்டுக்குப் போனபோது, அங்கே நின்ற வெள்ளை காரின் இடது கதவு மட்டும் புதிதாக மெஷின் பாலிஷ் போடப்பட்டிருந்தது. முதலாளியின் டிரைவர் முன்பு கார் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவர். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே கேள்விதான் கேட்டார்கள். “நான்தான் சார்” என்று டிரைவர் சொல்லிவிட்டார். நாளைக் காலை கோர்ட்டிலும் அதையே சொல்லப்போகிறார்.

டிரைவரின் மனைவிக்கு இது ஏழாவது மாதம். எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள்.

“அன்னிக்கு சாயங்காலம் பூரா அவரு என்கூடத்தான் இருந்தாரு மேடம். ரூமுக்கு சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருந்தோம். போலீஸ்ல சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னு சிரிக்கிறாங்க.”

“ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேட்டீங்களா?” என்றார் அண்ணி.

“கேட்டா சுவத்தைப் பாக்கறாரு. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடியும் ஒத்துக்கிட்டா, குழந்தை பொறக்கும்போது அவரு உள்ள இருப்பாரு. எனக்கு வேற யாரும் இல்ல மேடம்.”

அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. நாங்கள் கிளம்பினோம்.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும், வேண்டாத விருந்தாளி வந்துவிட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“ஒத்துக்கிட்டவனை விட்டுட்டு ஒத்துக்காதவனைத் தேடறது உங்களுக்குப் பொழுதுபோக்காம்மா?”

“உங்களுக்கு அந்தத் தொந்தரவே வேண்டாம்னுதான் சார் நாங்க தேடறோம்” என்றேன். அண்ணி என் காலை மிதித்தார். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் ஒரே ஊக்கத்தொகை அது.

லாக்கப்பில் டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கம்பிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“இடிச்சது யாரு?”

“நான்தான்.”

“நிக்காம போனது?”

“நான்தான்.”

“கதவுக்கு பாலிஷ் போட்டது?”

“எல்லாம் நான்தான். விடுங்க மேடம்.”

அண்ணி கைப்பேசியில் கதவின் படத்தைப் பெரிதாக்கி நீட்டினார். வெள்ளைப் பெயின்ட்டின் மேல் பிறைபிறையாகத் தழும்புகள், யாரோ நகத்தால் பிராண்டி வைத்ததைப் போல. டிரைவர் வேண்டா வெறுப்பாகத்தான் திரும்பினார். அடுத்த நிமிடம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“யாருங்க இதைப் பண்ணினது?”

“நீங்கதான்னு இப்பத்தானே சொன்னீங்க?” என்றேன்.

“நானா? இந்தக் கண்றாவியையா? பேக்கிங் பிளேட் விளிம்பு பெயின்ட்ல உரசியிருக்கு சார் இது! பிளேட்டும் பேடும் ஒரே சைஸ்ல மாட்டியிருக்கான் பாவி!”

எனக்குக் காரை ஓட்டவும் நிறுத்தவும் மட்டுமே தெரியும். அவரே கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினார். பாலிஷ் மெஷினின் அடியில் வட்டமாக ஒரு கெட்டித் தட்டு இருக்கும். அதுதான் பேக்கிங் பிளேட். அதன் மேல் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் ஃபோம்தான் பேட். காரைத் தொடவேண்டியது பேட் மட்டும்தான்.

“தட்டு அஞ்சு அங்குலம்னா பேட் அஞ்சரையாவது இருக்கணும். ரெண்டும் சமமா இருந்தா, கதவு வளையிற இடத்துல அழுத்தும்போது ஃபோம் அமுங்கிடும். தட்டு வந்து பெயின்ட்ல இடிக்கும். இவன் அதோட விட்டானா பாருங்க. இருக்கறதுலயே கெட்டியான பேடைப் போட்டு ஒரே இடத்துல தேய்தேய்னு தேச்சிருக்கான். பட்டறையில புதுசா சேர்ந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான்.”

“தெரிஞ்சவன் வேணும்னே தெரியாத மாதிரி பண்ணியிருக்கலாமில்ல?” என்றார் பின்னால் வந்து நின்ற இன்ஸ்பெக்டர். அவருக்கும் மூளை உண்டு. விசேஷ நாட்களில் எடுத்து உபயோகிப்பார்.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், இடிச்சேன்னு எழுதிக்குங்க. ஓடினேன்னு எழுதிக்குங்க. இந்த பாலிஷை நான் போட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. பழைய பட்டறை ஆளுங்க பாத்தா காறித் துப்புவாங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார். அண்ணி எழுந்தார்.

“சார், இவரு ரூம்ல பாலிஷ் மெஷின் கிடைச்சுதா?”

“இல்ல. தூக்கிப் போட்டிருப்பான்.”

“வேற யார்கிட்டயாவது கிடைச்சா?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அந்தத் தட்டும் பேடும் வேற எவன் கையிலயாவது இருக்கறதை எனக்குக் காட்டுங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள காட்டுங்க. அப்புறம் வந்தீங்கன்னா டீ மட்டும்தான் வாங்கித் தர முடியும்.”

வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் கேட்டார். “தம்பி, நீ கடைக்குப் போய் அஞ்சு அங்குல பிளேட்டும் அஞ்சு அங்குல பேடும் கேட்டா கடைக்காரன் என்ன பண்ணுவான்?”

“இப்பக் கேட்ட பாடத்துக்கு அப்புறம்? சிரிப்பான்.”

“சரி. சிரிக்காத கடைக்காரனைக் கண்டுபிடிக்கலாம் வா.”

இது துப்பறிதலா, பைத்தியக்காரத்தனமா என்று கேட்க நினைத்தேன். இரண்டுக்கும் ஒரே சம்பளம்தான் என்பதால் கேட்கவில்லை.

கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் டயர் வாசனை மூக்கை அடைத்தது. முதல் கடையில் நான் கேட்டதும் கடைக்காரர் சிரித்து, உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிட்டு அவரையும் சிரிக்க வைத்தார். அடுத்த கடையில் இரக்கப்பட்டு, “பேட் கொஞ்சம் பெருசா வாங்குங்க சார்” என்று அறிவுரை சொன்னார்கள். இப்படித் தெரு பாதி தீர்ந்தபோது என் மானம் முழுசாகத் தீர்ந்திருந்தது. அண்ணி எதிர்ப்பக்க நிழலில் நின்று இளநகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாம்பு கேன்களை உத்தரம் வரை அடுக்கியிருந்த ஒரு கடையில் வழுக்கைத் தலையர் ஒருவர் இருந்தார். “அஞ்சு அங்குல பிளேட், அஞ்சு அங்குல பேட்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.

“நீயும் அந்த ஹெல்மெட்டோட ஆளா? போ வெளியே! உனக்கும் மாத்தித் தர முடியாது, அவனுக்கும் மாத்தித் தர முடியாது!”

அண்ணி தெருவைக் கடந்து வருவதற்குள் அவர் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

“திங்கக்கிழமை கடை திறந்ததும் வந்தாரும்மா. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. இருக்கறதுலயே மலிவான மெஷினு கேட்டாரு. பிளேட் அஞ்சு, பேட் அஞ்சரை எடுத்து வெச்சேன். ‘சட்டை சைஸ் நாப்பதுன்னா நாப்பத்திரண்டா வாங்குவேன்? பெரிய பேடைத் தலையில கட்டி அதிகமா வாங்கலாம்னு பாக்கறியா?’ங்கறாரு. ரெண்டும் அஞ்சாத்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். கெட்டியான பேட் எதுன்னாரு. கெட்டியானது கீறல் எடுக்க, மெதுவானது பளபளப்புக்கு, ரெண்டும் வேணும் சார்னேன். ‘கெட்டியானதே போதும், ரொம்ப நாள் உழைக்கும்’னுட்டாரு.”

“அப்புறம்?”

“நேத்து மத்தியானம் திரும்ப வந்தாரு! ‘உன் பிளேட் என் வண்டியைக் கீறிடுச்சு, புதுசு கொடு’ன்னு ஒரே சத்தம். வெயில்ல ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து வழியுது, அப்பவும் கழட்டல. கம்பெனியில புகார் பண்ணி கடையை மூட வைப்பேன்னுட்டுப் போயிருக்காரு.”

அண்ணி என்னைப் பார்த்தார். நேற்று மத்தியானம் டிரைவர் லாக்கப்பில் இருந்தார். லாக்கப்பில் ஹெல்மெட் கொடுப்பதில்லை.

“இடிச்சுட்டு ஓடினவன் கடையில வந்து புகார் பண்ணுவானா அண்ணி?” என்றேன்.

“பயம் போயிருக்கும். டிரைவர் ஒத்துக்கிட்டாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு. பயம் போனதும் மனுஷன் தன்னோட சுபாவத்துக்குத் திரும்பிடறான். முதலாளி வீட்டுக்கு விடு வண்டியை.” கடைக்காரரிடம் திரும்பி, “அண்ணே, உங்களுக்கு நடிக்க வருமா?” என்று கேட்டார்.

“சரக்கு இன்னைக்கு ராத்திரி வந்துடும்னு தினம் சொல்றேனேம்மா” என்றார் அவர்.

முதலாளி சோபா விற்பவர். அவர் வீட்டு சோபாவில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம். டிவி ரிமோட்டும் பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது. எதிரில் அவருடைய வீட்டோடு மாப்பிள்ளை கைப்பேசியில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பைக் வாசலில் நின்றது. கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டில் தீ எரிவது போல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததுமே நான் வழக்கை முடித்துவிட்டேன்.

“எங்களால ஒண்ணும் பண்ண முடியல சார். கேஸ் முடிஞ்ச மாதிரிதான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் அண்ணி.

“என் புள்ள மாதிரி வெச்சிருந்தேம்மா அவனை” என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பின்னாடி ரூம் கொடுத்தேன். லைட்டு கொடுத்தேன்.”

“பல்பு?” என்றேன்.

“பல்பு அவனே வாங்கிக்கிட்டான்.”

அண்ணி எழுந்துகொண்டே, பேச்சோடு பேச்சாக என்னிடம் சொன்னார். “தம்பி, போற வழியில அந்த ஷாம்பு கேன் கடையில நிறுத்து. உங்கண்ணன் வாங்கின பாலிஷ் மெஷினுக்கு பிளேட் மாத்தணும். அஞ்சு அங்குலத்தை எல்லாம் கம்பெனி திருப்பி வாங்குதாம். உபயோகிச்ச பிளேட்டையும் பேடையும் கொடுத்தா புது பிளேட், கூட மூணு பேட் இலவசம். இன்னைக்கு சாயங்காலத்தோட சரியாம்.”

மாப்பிள்ளை சட்டென்று தலையைத் தூக்கினார். “மூணும் ஃப்ரீயா?”

“நமக்கு எதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்?” என்று முதலாளி மூக்கை உறிஞ்சினார். “ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான், இலவசம் பேசற நேரமா?”

வண்டியில் ஏறியதும் நான் துள்ளினேன். “பாத்தீங்களா அண்ணி, தலையைத் தூக்கினதை? ஹெல்மெட்டும் அவனோடதுதான். மாப்பிள்ளைதான்!”

“இருக்கலாம்” என்றார் அண்ணி. அவர் இருக்கலாம் என்று சொன்னால் நான் முட்டாள் என்று அர்த்தம். அதை நான் அப்போது லட்சியம் செய்யவில்லை.

சாயங்காலம் ஷாம்பு கேன்களுக்குப் பின்னால் நான், அண்ணி, இன்ஸ்பெக்டர் மூவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டரின் வயிற்றுக்குத் தனியாக ஒரு வரிசை கேனை நகர்த்த வேண்டியிருந்தது. நான் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டுத் தயாராக இருந்தேன். வருவானா மாட்டானா என்ற கவலை எனக்கும் இருந்தது. வராவிட்டால் காலையில் அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டும்.

பைக் சத்தம் கேட்டது. தீ ஸ்டிக்கர் ஹெல்மெட் உள்ளே வந்தது. நான் அண்ணியின் விலாவில் இடித்தேன்.

ஹெல்மெட் ஒரு துணிப்பையைக் கல்லா மேல் வைத்தது. “பிளேட்டு, பேடு ரெண்டும் இருக்கு. புதுசு எங்க? மூணு பேடுன்னு சொன்னாங்க.” ஹெல்மெட்டுக்குள் எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

அண்ணி சொல்லிக்கொடுத்ததைக் கடைக்காரர் பவ்யமாக ஆரம்பித்தார். “தரேன் சார். கம்பெனி ரூல்னு சிலது இருக்கு. வாங்கினவரே நேர்ல வரணும்.”

“நான்தானேய்யா வாங்கினேன்! நேத்து வந்து கத்திட்டுப் போனது மறந்துடுச்சா?”

“அவரேதான் உபயோகிச்சிருக்கணும். வேற ஆள் கையில கொடுத்திருந்தா கிடையாது.”

“வேற ஆள் கையில கொடுத்தா கூலி எவன் தர்றது? நானே என் கையால போட்டேன்.”

கடைக்காரர் பேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “என்ன வண்டி சார்?”

“வெள்ளை கார். இடது கதவு.”

“பேட் நீலமா இருக்கே? வெள்ளைக் காரைத் தேச்சா நீலம் எங்கிருந்து வரும்? தப்பான உபயோகம்னு கம்பெனி திருப்பி அனுப்பிடுமே சார்.”

ஹெல்மெட் அசையாமல் நின்றது. கொஞ்சமாவது புத்தியுள்ளவன் பையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். ஆனால் பிளேட் ஒன்று, பேட் மூன்று. மூன்றும் இலவசம்.

“தப்பான உபயோகமில்லய்யா! ஒரு ஸ்கூட்டர் பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. அதை எடுக்கத்தான் தேச்சேன்.”

“ஸ்கூட்டர்ல உரசினப்ப வண்டி யாரு ஓட்டினது சார்? டிரைவர் ஓட்டியிருந்தா அது அவரோட பொறுப்பு, கம்பெனி வராது.”

“ஞாயித்துக்கிழமை டிரைவருக்கு லீவுய்யா! நான்தான் ஓட்டினேன்! இப்பத் தருவியா, மாட்டியா?”

“தர்றோம் சார்” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். நாலு கேன்கள் உருண்டன.

நான் முந்திக்கொண்டு போய், “வாங்க மாப்பிள்ளை” என்று ஹெல்மெட்டைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளே நரைத்த மீசை நசுங்கி வியர்வையில் நனைந்திருந்தது. முதலாளி. என் முகத்தில் அசடு வழிந்ததை அண்ணி நாகரிகமாகப் பார்க்காமல் விட்டார்.

“பைக்கும் ஹெல்மெட்டும் மாப்பிள்ளையோடது, பெட்ரோலும் மாப்பிள்ளையோடது. இவரு எதுக்கு சொந்தமா வாங்கப் போறாரு?” என்றார் அண்ணி. “மாப்பிள்ளை இலவசம்னா வாய்விட்டுக் கேட்டாரு. இவரு மனசுக்குள்ள எண்ணினாரு.”

முதலாளி கடைக்காரரைக் கை காட்டி, “இவன்தான் சார் ஏமாத்தினான். ஒரே சைஸ்ல வித்தது இவன்தான்” என்றார். கடைக்காரர் அடிக்கவே போய்விட்டார். ஜீப்பில் ஏறும்போதும் முதலாளி துணிப்பையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார்.

மிச்சத்தை அவரே ஸ்டேஷனில் சொன்னார். பழி ஏற்றுக்கொண்டால் பின்பக்க அறையைக் கடைசிவரை காலி பண்ணச் சொல்ல மாட்டேன் என்று டிரைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். மறுத்தால் அன்றைக்கே சாமானைத் தெருவில் வைப்பேன் என்றும் சொன்னாராம். பல்புகூடக் கொடுக்காத அந்த அறைக்காக ஒரு மனிதன் சிறைக்குப் போகத் தயாராக இருந்திருக்கிறான். எனக்கு முதலாளியைவிட டிரைவர் மேல்தான் கோபம் வந்தது.

லாக்கப்பைத் திறந்தார்கள். டிரைவர் வெளியே வந்து கூச்சத்தோடு நின்றார். சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்த வெள்ளைக் கார் வாசல் விளக்கடியில் நின்றது. அவர் முதலில் போனது அதனிடம்தான். கதவின் பிறைகளைக் கட்டைவிரலால் தடவி, “என் வேலைன்னு சொல்லிட்டாங்களேன்னுதான் தாங்க முடியல” என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“கதவைக் கெடுத்தீங்கன்னு சொன்னதும் உங்களுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சாமே. மேடம் சொன்னாங்க.”

“இல்ல, அது வந்து...”

“என்னையும் இந்தக் குழந்தையையும் தனியா விட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்னு முதலாளிக்கு வாக்குக் கொடுத்தீங்களே. அப்ப அந்த ரோஷம் எங்கங்க போச்சு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

டிரைவர் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவள் அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். அண்ணி என் தோளைத் தொட்டு வண்டிச் சாவியைக் கேட்டார். நாங்கள் அவர்கள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, இன்றிரவு எங்கே தங்க வைப்பது என்று யோசித்தபடியே கிளம்பினோம்.